தொடுவெட்டிச் சந்தையில் மைனி எடுத்த குழந்தை

எங்கள் குடும்பத்தில் ஜெயிலுக்குப் போன ஒரே ஆள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்பார்கள். அப்போது நான் மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் நல்லமிளகு வியாபாரம் செய்தான். அப்பா, அம்மா, அண்ணன், மைனி, நான் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

மைனி வேலைக்கு அஞ்சாதவள். வாய்விட்டுச் சிரிப்பாள். முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த பெண் பிள்ளை ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த சபைப் பெண்கள் அவளை அழ விடவில்லை. அழுவது அவிசுவாசம் என்றார்கள். அவளும் அழவில்லை. மறுநாளே அடுக்களைக்கு வந்து மரச்சீனிக் கிழங்கு உரித்தாள். எவ்வளவு திடமான மனசு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதலில் போனது உறக்கம். பிறகு சாப்பாடு. உலையில் அரிசி போட்டுவிட்டு அடுப்பு மூட்ட மறந்துவிடுவாள். கேட்டால், "பிள்ள அழுதா, பாக்கப் போனேன்" என்பாள். அம்மா அதைப் பிசாசு என்றாள். அப்பா, ஜெபம் குறைந்துபோனது என்றார். உபதேசியார் வந்து தலையில் கை வைத்து உரக்க ஜெபித்தார். மைனி பொறுமையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சிலருக்கு மூளையில் கோளாறு வரும் என்று சொன்னவர் ஆஸ்பத்திரி டாக்டர். உறங்க ஒரு மருந்தும் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனது வெளியே தெரிந்தால் எனக்கு மாப்பிள்ளை அமையாது என்று அம்மா அந்தக் குப்பியைத் தென்னை மூட்டில் கவிழ்த்துவிட்டாள். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது தொடுவெட்டி நாட்டு வைத்தியர் ஒருவரின் எண்ணெயை. பித்தம் தலைக்கு ஏறியிருக்கிறது, எண்ணெய் இறக்கிவிடும் என்றார் அவர்.

அந்த எண்ணெய் வாங்கத்தான் அம்மா ஒரு சந்தை நாளில் மைனியைக் கூட்டிக்கொண்டு தொடுவெட்டிக்குப் போனாள். இன்றைய மார்த்தாண்டத்துக்கு அப்போது அதுதான் பெயர். அம்மா வைத்தியரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மைனி எழுந்து வெளியே நடந்திருக்கிறாள். சந்தை ஓரத்து மாமரத்தில் கடற்கரைக்காரி ஒருத்தி பழைய சேலையில் தொட்டில் கட்டித் தன் குழந்தையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். மைனி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தன் பிள்ளையைத் தூக்கிப் போகிறவள்போலப் போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

ஆற்றுப் பாலத்துத் தூண் நிற்பதற்காகப் பிள்ளைகளைப் பலி கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு அந்த நாட்களில் அடிக்கடி கிளம்பும். கருவாட்டுக்காரி போட்ட கூச்சலில் சந்தையே திரண்டு நாலு பக்கமும் ஓடியது. சிதறால் மலை ஏறும் வழியில், ஒரு பாறை நிழலில் மைனி உட்கார்ந்திருந்ததைப் பனையேறிகள் சிலர் பார்த்தார்கள். குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பால் இன்னும் வற்றியிருக்கவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளை அடித்தார்கள். முந்தியை அவிழ்த்துப் பார்த்தபோது குழந்தையின் வெள்ளித் தண்டைகள் இருந்தன. அதோடு பிள்ளை பிடிக்கிறவள் என்பதுடன் திருடி என்பதும் சேர்ந்துகொண்டது.

சப் ஜெயிலில் பெண்களுக்கு ஒரே ஒரு அறை. அதில் கள்ளச் சாராயம் வாற்றிய கேசில் பிடிபட்ட வயதான ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் தூக்குச் சட்டியில் கஞ்சியும் துவையலும் கொண்டுபோவேன். மைனி கம்பிக்கு அருகே வரமாட்டாள். சாராயக்காரிதான் சட்டியை வாங்கி, அவளுக்கு ஊட்டிவிடுவாள். சிக்குப் பிடித்த தலையை எண்ணெய் இல்லாமலே கோதி முடிந்துவிட்டிருந்தாள்.

"பிள்ளே, இவ என்னத்த களவாண்டா?" என்று அவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள். சொன்னேன்.

"சுவரப் பிள்ளையாட்டு தட்டித் தட்டி உறக்காட்டுகா. கண்டா வயிறு எரியுது. எத்தனயோ தடவ நான் இஞ்ச வந்து போயிருக்கேன். கொலைகாரியும் இருப்பா, கிறுக்கியும் இருப்பா. எல்லாரையும் இந்த ஒரே அறையிலதான் போடுவானுவ."

வார்டர் கெட்டவரல்ல. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. "இந்த அம்மாவ இஞ்ச வச்சு நான் என்ன செய்ய? ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா கோர்ட்டு உத்தரவு வேணும். கோர்ட்டுக்குக் கொண்டுபோனா இவ வாயத் திறக்கமாட்டா" என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார்.

அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. அண்ணன் வருவான், ஆனால் ரோட்டில் ஆலமரத்தடியில் நின்றுகொண்டு, "தின்னாளா?" என்று மட்டும் என்னிடம் கேட்பான்.

விசாரணை நாளில் கருவாட்டுக்காரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். இடுப்பில் அந்தக் குழந்தை. என்னைவிட இளையவளாகத்தான் இருந்தாள். தண்டைகளைக் காட்டி, இவை யாருடையவை என்று கேட்டார்கள்.

"எனக்க பிள்ளைக்க தண்டதான், ஏமானே."

"இந்தப் பொம்பள திருடினதா?"

அவள் சற்றுத் தயங்கினாள். "பிள்ளைக்க கால்ல தண்ட உரசிப் புண்ணா இருந்து. நானே கழத்தணும்னு நெனச்சிட்டு இருந்தேன். இவ கழத்திட்டு, புண்ணுமேல பச்சில கசக்கி வச்சிருக்கா. களவாண வந்தவ பச்சில வப்பாளா, ஏமானே?"

கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் அத்தோடு நிறுத்தவில்லை. மைனியைப் பார்த்து, "ஆனா இவள வெளிய விடாதீங்க. அன்னைக்கு நான் செத்துப் பொழச்சேன். இன்னொருத்திக்கு அது வரப்படாது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை. இரண்டும் உண்மைதான்.

மஜிஸ்திரேட்டு மைனியிடம் பெயரைக் கேட்டார். அவள் குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரை வரவழைத்து அவர் சொன்னதைக் கேட்டார்கள். வழக்கை நிறுத்திவைத்து, மைனியைத் திருவனந்தபுரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவானது. சாராயக்காரி தன்னிடமிருந்த ஒரே மாற்றுத் துணியை மைனிக்கு உடுத்தி அனுப்பினாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் மைனி அங்கே இருந்தாள். இதற்குள் அண்ணனுக்கு யோசனை சொல்ல ஆட்கள் நிறைய வந்தார்கள். கிறுக்கியோடு கட்டின கட்டை அவிழ்க்க வழி இருக்கிறது, சபை ஐயரிடம் பேசலாம் என்றார் ஒரு மாமா. அண்ணன் மிளகுச் சாக்கைத் தைத்துக்கொண்டே கேட்டான். "நான் கிடப்பில ஆயிருந்தா அவ என்ன விட்டுட்டுப் போயிருப்பாளா, மாமா?" என்றான். மாமா எழுந்து போய்விட்டார்.

பஸ்ஸில் போய் அவளைக் கூட்டி வந்தவனும் அண்ணன்தான். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். உடம்பு மெலிந்து, பேச்சு மெதுவாகியிருந்தது. சிரிப்பு திரும்பவில்லை. ஆனால் உறங்கினாள், உண்டாள், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னாள். சபைக் கோவிலில் அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் அவளைக் கண்டதும் பிள்ளையைச் சேலையால் மூடிக்கொண்டார்கள். அவளுக்கு அது தெரியும். ஆராதனை முடிந்தால் எல்லாரும் போன பிறகுதான் எழுந்து வருவாள்.

சில வருஷம் கழித்து அவள் மறுபடி உண்டானாள். வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. பயந்தோம். அண்ணன் டாக்டரிடம் போய், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்தான். அவளைத் தனியாக விடாதே, நன்றாக உறங்க விடு, அழுதால் அழட்டும், தடுக்காதே என்றாராம். இந்த முறை அம்மா எந்தக் குப்பியையும் கொட்டவில்லை. ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவமான அன்று மைனி, போன மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழுதாள். அத்தனை வருஷத்து அழுகை. அம்மா அவளைத் தடுக்கவில்லை; பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

இரண்டு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம், பள்ளிக்கூடம் லீவு, நான் முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தேன். மைனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"ஏட்டி, எனக்கு அது திரும்ப வருது. நேத்தும் இன்னைக்கும் ஒறக்கம் இல்ல. பிள்ள அழாத நேரத்திலயும் அழுகச் சத்தம் கேக்கு. இவன நீ வச்சுக்க. நான் கேட்டாலும் தராத. நான் சுகமாயிட்டேன்னு உனக்குத் தோணுன பெறவு தா."

"மைனி, நீங்க..."

"வாங்கிக்க. வேற ஒண்ணும் கேக்காத."

அவளே அண்ணனிடம் போய், டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு இருந்த தெளிவு எங்கள் யாருக்கும் இருக்கவில்லை. மருந்து வந்தது. பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுத்து என் அறையில் வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு கேட்டபோது தலைமை வாத்திச்சி காரணம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன், முகத்தைச் சுளித்தாலும் லீவு கொடுத்தார். நடுவில் சில நாள் மைனி என் கதவைத் தட்டிப் பிள்ளையைக் கேட்டாள், கெஞ்சினாள், ஒருமுறை என்னைத் திட்டவும் செய்தாள். நான் திறக்கவில்லை. அது எளிதாக இல்லை.

மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் அவள் தலை சீவி, முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். பிள்ளையைக் கேட்கவில்லை.

"ராத்திரி முச்சூடும் ஒறங்கினேன்" என்றாள். "இவன் ஆட்டுப்பால் குடிச்சா வயிறு பொருமாதா?"

"பொருமும். ஓமத்தண்ணி குடுக்கேன்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வயிற்றை மெதுவாகத் தடவிவிட்டாள். நான் பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனேன்.