ஐயா பென்சிலால் எழுதிய அளவுப் புத்தகம்

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அழுகைக் கட்டுரை அல்ல. முப்பத்தொரு நாளாக அழுதாயிற்று. ஐயாவின் வானொலி நிலையத்துக்கும் நல்ல பெயருக்கும் ஒரே கடிதத்தில் ஆபத்து வந்ததையும் அதிலிருந்து அவர் தலைநிமிர்ந்து வெளியே வந்ததையும் எழுதப்போகிறேன். உங்களில் பலருக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். சிலர் அதைப் பிழையாகவும் சொல்லித் திரிகிறீர்கள். அவர்கள் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும்.

ஐயா வடமராட்சியில் ஏழு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்து, தாய்மாமன் வீட்டில் நின்று படித்து, நில அளவையாளராக அரசாங்க சேவையில் சேர்ந்தார். சுதந்திரம் கிடைத்த காலத்தில் மாத்தளைக்கு மாற்றம் வந்தது. மூன்று வருடத்தில் ஊர் திரும்பலாம் என்று வந்தவர், பலாபத்வலையில் வீடெடுத்து அங்கிருந்தே பென்சனும் எடுத்தார். எல்கடுவ மலைகளில் அட்டைக் கடியோடு ஏறி இறங்கினார். தம்புள்ளைப் பக்கத்துக் காடுகளில் மலேரியாவோடு கிடந்தார். அந்த நாளில் விழுங்கிய குயினைன் உயிரைக் காப்பாற்றிவிட்டு, காதுக்குள் ஓயாத ஓர் இரைச்சலை விட்டுச் சென்றது. அம்மா கடைக்குப் போகச் சொன்னால் அந்த இரைச்சல் கூடிவிடும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு அவர் அமெச்சூர் வானொலிக்காரரானதுதான் வேடிக்கை. வீட்டிலேயே ஒரு நிலையம் வைத்து, மோர்ஸ் தட்டி, முகம் தெரியாத தேசங்களில் உள்ள தம்மைப் போன்றவர்களோடு பேசுவது அந்தப் பொழுதுபோக்கு. அதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அனுமதித்த அலைவரிசைத் துண்டுக்குள்தான் நிற்கவும் வேண்டும். எல்லை தாண்டினால் கப்பலுக்கும் விமானத்துக்கும் உரிய அலைகளில் போய் விழுவோம்.

மற்றவர்கள் முதலில் டிரான்ஸ்மிற்றரை அமைத்துவிட்டுப் பிறகுதான் மீற்றரைத் தேடுவார்கள். ஐயா தலைகீழாகச் செய்தார். முதலில் மல்டிமீற்றர் வாங்கினார். வீட்டில் மின்சாரம் இல்லை, எல்லாம் பற்றரியில்தான். பற்றரி இறங்கினால் அலையும் இடம் மாறும் என்பதால், எதைத் தொடும் முன்பும் வோல்ற்றைப் பார்ப்பார். அடுத்தது அலை எங்கே நிற்கிறது என்று காட்டும் அலைமானி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இராணுவம் விட்டுப்போன சாமான்கள் கண்டியில் ஏலம் போனபோது, மற்றவர்கள் பளபளப்பானவற்றுக்குப் பாய, ஐயா ஒரு கீறல் விழுந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். டயலை இரண்டு பக்கமும் திருப்பி, ஆட்டம் இல்லை, துரு இல்லை என்று கண்ட பிறகே, புத்தகம் எங்கே என்று கேட்டார். டயலில் தெரியும் எண்ணை அலைவரிசையாக மாற்றித் தரும் அட்டவணைப் புத்தகம் இல்லாமல் அந்தப் பெட்டியால் பயனில்லை. ஏலக்காரர் ஒரு குவியலில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஐயா சந்தோஷமாக வாங்கி வந்தார்.

இரண்டு வருடம் நிலையம் நன்றாக நடந்தது. பிறகு, அனுமதி வழங்கும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் நிலையம் எல்லைக்கு வெளியே ஆறு கிலோசைக்கிள் தள்ளி ஒலிபரப்புகிறது, அனுமதியை ஏன் இரத்துச் செய்யக்கூடாது என்று காரணம் காட்டவும் என்றிருந்தது.

ஐயாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எல்லை பிடிப்பது அவருடைய தொழில், அவரிடமே எல்லை தாண்டினாய் என்பதா? அலைமானியில் அளந்து பார்த்தார். உள்ளேதான் இருந்தது. தாம் அளந்து பார்த்துவிட்டதாகவும் பிழை அலுவலகத்தின் பக்கமாகவே இருக்க வேண்டும் என்றும் இரண்டு பக்கத்தில் எழுதித் தபாலில் போட்டார். சும்மா எழுதவில்லை, கொஞ்சம் ஏளனமாகவே எழுதினார்.

கடிதம் போன பிறகு மனம் கேட்கவில்லை. வெளிநாட்டில் ஒரு நிலையம் நேரத்தையும் அலைவரிசையையும் அச்சொட்டாகப் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து அலைமானியை ஒப்பிட்டார். டயலைச் சரிபார்க்கவென்று குறித்திருந்த ஒரு புள்ளியில் மட்டும் எல்லாம் பொருந்தியது. அங்கிருந்து விலக விலக, புத்தகம் ஒன்று சொன்னது, அலை வேறொன்று சொன்னது. பெட்டியின் இலக்கத்தகட்டில் பூசியிருந்த பச்சைப் பெயின்றைச் சுரண்டினார். தகட்டில் ஓர் இலக்கம், புத்தகத்தில் வேறோர் இலக்கம். ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக அளந்து அதற்கென்றே ஒரு புத்தகம் அச்சிட்டிருக்கிறார்கள். ஐயா இரண்டு வருடமாக வேறொரு பெட்டியின் புத்தகத்தை நம்பியிருக்கிறார்.

நில அளவையாளர் மட்டுமே விடக்கூடிய பிழை இது. அவர்களிடம் உள்ள மடக்கை அட்டவணை எந்தக் கருவிக்கும் பொருந்தும், யாருடைய மேசையில் இருந்தும் எடுக்கலாம். அச்சிட்ட அட்டவணை என்றால் அது எல்லாருக்கும் பொது என்று கை பழகிவிட்டது. தினமும் காலையில் அளவுச் சங்கிலியைச் சரிபார்க்காமல் ஒரு காணிக்குள் கால் வைக்காத மனிதர், இந்தப் புத்தகத்தைச் சரிபார்க்கவில்லை.

அம்மா பயந்துபோனார். அரசாங்க உத்தியோகம், அதுவும் தமிழர்மேல் ஒரு கண் வைத்திருந்த காலம். வருகிறவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போகட்டும், பிழையை ஏன் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். ஐயா சொன்ன பதிலை எங்கள் வீட்டில் எல்லாரும் மனப்பாடமாக அறிவோம்.

"பிழை என்ர பக்கம். அதை நான் ஒளிச்சால், நாளைக்கு நான் நடுற எல்லைக் கல்லை ஆர் நம்புவினம்?"

முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, இலக்கம் மாறிய விஷயத்தை எழுதி, நிலையத்தைத் தாமே மூடினார். மூன்று மாதத் தவணை கேட்டார், கொடுத்தார்கள். அச்சுப் புத்தகம் இல்லாவிட்டால் தாமே ஒன்று எழுதுவதென்று முடிவு.

வேலை இதுதான். மாறாத ஒரே அலையில் துடிக்கும் பளிங்குத் துண்டு ஒன்றை வைத்து அவர் செய்த சிறிய கருவி, நூறு கிலோசைக்கிளுக்கு ஒன்றாக அடையாள அலைகளைக் கொடுக்கும். இன்னொரு இணைப்பு அந்த இடைவெளியைப் பத்தாகப் பிரிக்கும். அந்தப் பளிங்கை வெளிநாட்டு நிலையத்தோடு சரிசெய்துவிட்டு, ஒவ்வோர் அடையாளத்திலும் அலைமானியைக் கொண்டுவந்து நிறுத்தி டயல் எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டு அலைகளும் நெருங்கும்போது ஹெட்போனில் ஒரு சீழ்க்கைச் சத்தம் தாழ்ந்து தாழ்ந்து, துடிப்பாகி, முற்றாக அடங்கும். அடங்கும் அந்த இடம்தான் அளவு. ஐயாவின் காது இரைச்சலில் அந்தக் கடைசித் துடிப்புகள் கேட்கவேயில்லை. நான்கு நாள் தனியாகப் போராடிவிட்டு, வயலின் படித்திருந்த அம்மாவிடம் ஹெட்போனை நீட்டினார்.

"இஞ்சாரும், உமக்கு ஏதும் கேக்குதோ எண்டு பாரும்."

அம்மா வேண்டாவெறுப்பாக வாங்கி மாட்டினார். "இன்னும் துடிக்குது. கொஞ்சம் இடப்பக்கம். கூடிப்போச்சு, திரும்பி வாங்கோ. இப்ப நிண்டுட்டுது." ஐயா குறித்தார். அன்றிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்கு, வெளிநாட்டு நிலையம் தெளிவாகக் கேட்கும் நேரத்தில், இருவரும் உட்காருவார்கள். அம்மா கேட்பார், ஐயா பென்சிலால் எழுதுவார். ஒரே புள்ளியை மூன்று நாள் எடுத்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் புத்தகத்தில் ஏறும். லொறிகளுக்குப் பற்றரி சார்ஜ் பண்ணும் கடை வைத்திருந்த அசன் நானா ஒருநாள் விட்டு ஒருநாள் பற்றரியைத் தோளில் சுமந்து வருவார். நாங்களே வந்து எடுக்கிறோம் என்றால் விடமாட்டார். "நீங்க அளக்கிற வேலய பாருங்க சேவையர் ஐயா, தூக்கிற வேலய நான் பாக்கிறேன்" என்பார்.

தவணை முடிந்த கிழமை பரிசோதகர் ஜீப்பில் வந்தார். அதிகம் பேசாத சிங்கள மனிதர். ஐயாவின் முதல் கடிதம் அவருடைய கோப்பில் மேலேயே இருந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றதால் அன்று நடந்தது முழுவதையும் நான் பார்த்தேன். பரிசோதகர் மூன்று முத்திரையிட்ட பளிங்குகளையும், அவற்றின் சரியான அளவு எழுதிய ஓர் ஒட்டிய உறையையும், தம்முடைய அலைமானியையும் கொண்டுவந்திருந்தார். மூன்றையும் நீங்கள் அளந்து சொல்லுங்கள், பிறகு உறையைத் திறப்போம் என்றார்.

ஐயா டயலில் கையை வைத்தார், அம்மா ஹெட்போனை மாட்டினார். பரிசோதகர் உடனே தடுத்தார். அனுமதி உங்கள் பெயரில் மட்டும்தான், மனைவி தொடக்கூடாது என்றார். தனியாகச் செய்தால் ஐயா தோற்பார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஐயா சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். அனுப்புவதற்குத்தான் அனுமதி வேண்டும், கேட்பதற்குக் காது இருந்தால் போதும், சட்டத்தில் வேறுவிதமாக இருந்தால் காட்டுங்கள் என்றார்.

பரிசோதகர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அதை மூடி மேசையில் வைத்துவிட்டு, தொடங்குங்கள் என்று கையைக் காட்டினார்.

மூன்று பளிங்குகள். மூன்று முறை அம்மா நிண்டுட்டுது என்றார், மூன்று முறை ஐயா தம் பென்சில் புத்தகத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னார். பரிசோதகரும் தம் கருவியால் அளந்து குறித்துக்கொண்டார். மூன்றாவதில் இருவருடைய கணக்கும் இரண்டு கிலோசைக்கிள் வித்தியாசப்பட்டது. உறை திறந்தது. மூன்றிலும் ஐயா சொன்னதே சரி. பிழை விட்டது பரிசோதகரின் அலைமானி.

அவர் மறுபடியும் அளந்தார், அதற்கு மேலும் ஒருமுறை அளந்தார். கடைசியில் பென்சில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முதலிலிருந்து முடிவுவரை பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று இல்லை என்றார். அனுமதிப் பத்திரத்தில் அங்கேயே கையெழுத்து விழுந்தது. அன்று மத்தியானம் அம்மா பாயாசம் வைத்தார், பரிசோதகர் இரண்டு கிண்ணம் குடித்தார், எனக்கும் காய்ச்சல் பறந்துவிட்டது.

அந்த அனுமதி ஐயாவின் இறுதி நாள்வரை ஒரு வருடமும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டது. மாத்தளை ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோவோடு கிடந்தபோதும், எல்லைக்குள்தான் நிற்கிறேன் என்று டாக்டரிடம் பகிடி விட்டார். அவரைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், செய்தி கேட்டு வடக்கிலிருந்து பஸ் ஏறி வந்த உறவினருக்கும், பந்தல் வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்ட அசன் நானாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும், மோர்ஸ் தட்டி அனுதாபம் அனுப்பிய முகம் தெரியாத நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மா வாசித்தார். தன்னைப் பற்றிய பகுதிகளை வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை. காரணம் இதுதான். பரிசோதகர் போன அடுத்த மாதம், அந்த அலுவலகம் தன்னுடைய அலைமானியையே ஐயாவிடம் அனுப்பி, சரிபார்த்துத் தரும்படி ஐயாவின் பெயருக்குக் கடிதம் எழுதியது. ஐயா சரிபார்த்தார், ஆனால் சான்றிதழைத் தம் பெயரில் மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். கேட்டவர் என்று அம்மாவின் பெயரை முதலில் எழுதினார், குறித்தவர் என்று தம் பெயரை அதற்குக் கீழே எழுதினார். இப்படி ஏற்றுக்கொள்வதானால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். இரண்டு கிழமையில் பதில் வந்தது. அந்தக் கடித உறையில் அம்மாவின் பெயர்தான் இருந்தது.