வேரில் ஒட்டிய மண்

அறுபதுகளில் விசுவமடுவில் எங்கள் வளவுக்குப் பக்கத்துக் காணியை ஒருவர் குத்தகைக்கு எடுத்து மிளகாய் செய்தார். கையில் எந்நேரமும் மிளகாய்க் காரம் என்பதால் கண்ணைத் தோளில்தான் துடைப்பார். காய் ஆய்ந்து முடிந்த ஒரு காலை, பச்சையாக நின்ற செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, விட்டால் வாற வருசமும் தளிர்க்காதோ?” என்று கேட்டேன். எங்கள் கிணற்றடியிலும் நாலு மிளகாய்ச் செடி நின்றது.

“ஏன் தளிர்க்காது? வெட்டிவிட்டால் மழையோடை தளிர்க்கும், தங்கச்சி. காணிக்காரர் என்னைக் காணியை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டார். இனி இது அவருக்கெல்லோ காய்க்கும்.”

ஒன்றையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. கடைசிச் செடியின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை மட்டும் காணிக்குள்ளேயே கவனமாக உதறினார்.

“மண் அவரின்ரை.”