டீச்சரின் குசினி எந்தப் பக்கம்?

கட்டட வேலையில் எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான். அதன் பெயர் 'வாற வெள்ளிக்கிழமை'.

வீடு கட்டியவர்கள், கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், பக்கத்து வளவில் யாரோ கட்டுவதால் மாதக்கணக்காகத் தூசு குடிப்பவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் இந்த மருந்தின் கசப்புத் தெரிந்திருக்கும். அதை ஊற்றிக் கொடுக்கிறவன் நான். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஏழு மாடித் தொடர்மாடி ஒன்றுக்கு சைட் மனேஜர். மனேஜர் என்றதும் ஹெல்மெட்டோடு நின்று கையை நீட்டிக் காட்டுகிற ஆளைக் கற்பனை செய்ய வேண்டாம். முக்கால்வாசி நேரம் டெலிபோனில் மன்னிப்புக் கேட்கிற உத்தியோகம் இது. மிச்ச நேரத்தில் நேரிலும் கேட்க வேண்டும்.

எந்தத் தை?

நாலாம் மாடிப் பின்பக்க வீட்டை வாங்கியவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். புது வீடு முடியும்வரை கொட்டாஞ்சேனையில் மகளின் வீட்டில் கணவரோடு தங்கியிருந்தார். மகள் நல்லவள், மருமகன் அதைவிட நல்லவர். சிக்கல் மருமகனின் அம்மாவால், அதாவது டீச்சரின் சம்பந்தியால் வந்தது. அந்த வீட்டுக் குசினி அவருடைய ஆட்சியில் இருந்தது. டீச்சர் ஒரு தேத்தண்ணி போடப் போனாலும் பின்னால் வந்து நின்று, சீனி கூடிப் போச்சு, தண்ணி கொதிக்கேல்லை, அந்தக் கரண்டி அதுக்கில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். "நான் காலம் முழுக்கப் பிள்ளையளுக்குப் பின்னால நிண்டு கொப்பி பாத்தனான் தம்பி. இப்ப எனக்குப் பின்னால ஒராள் நிக்குது" என்று கணக்கு டீச்சர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுவதற்குத் தை மாதத்தில் ஒரு நாளை ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். அதை விட்டால் டீச்சரின் நட்சத்திரத்துக்கு அடுத்த நல்ல நாள் வைகாசியில்தான். தைக்குள் கட்டாயம் முடித்துத் தருகிறேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். டீச்சர் கைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"தை எண்டால் சந்தோசம் தம்பி. எந்த வருசத்துத் தை எண்டும் சொன்னால் எழுதி வைப்பன்."

பாஸும் பொஸ்ஸும்

எங்கள் ஊரில் மேசனுக்கும் தச்சனுக்கும் பெயர் பாஸ். முதலாளிக்குப் பெயர் பொஸ். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் அரை எழுத்துத்தான்.

எங்கள் சைட்டில் இருந்த பாஸ் சிறிபால. நல்ல பாஸ்மாரெல்லாம் கட்டாருக்கும் ருமேனியாவுக்கும் பறந்துவிட, பிளேனுக்குப் பயம் என்ற ஒரே காரணத்தால் நாட்டில் மிஞ்சியவர். சிங்களவர்; வெள்ளவத்தையில் வீடு கட்டிக் கட்டியே தமிழ் பழகியவர். ஒருநாள் நான் இல்லாத நேரம் டீச்சர் வந்து, பொஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவன் பாஸ் என்று விளங்கிக்கொண்டு நேரே நாலாம் மாடிக்குக் கூட்டிப்போய் சிறிபாலவுக்கு முன்னால் நிறுத்திவிட்டான். சீமெந்துப் பையின் மேல் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மனுசனைப் பார்த்து, இவ்வளவு எளிமையான முதலாளியா என்று டீச்சருக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்றாம்.

எங்கள் வரைபடத்தில் அது ஓப்பன் கிச்சின். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் சுவர் இல்லை. இப்போது அதுதான் நாகரிகம். டீச்சருக்கு அந்த நாகரிகம் வேண்டாம். சுவர் வேண்டும், சுவரில் கதவு வேண்டும், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். 'பொஸ்' எல்லாவற்றுக்கும் "ஹரி மெடம்" என்று, அதாவது சிங்களத்தில் சரி என்று, தலையாட்டியிருக்கிறார். மறுநாள் நான் போனபோது வரைபடத்தில் இல்லாத சுவர் ஒன்று கழுத்து உயரத்துக்கு எழும்பி நின்றது. வரைபடம் போட்டவர் டெலிபோனில் கத்திக் குளறினார். உடைத்தால் நாள் போகும் என்பதால் சுவரை அப்படியே விட்டோம். ஏன் இப்படிச் செய்தீர் என்று சிறிபாலவிடம் கேட்டேன்.

"சேர், அந்த மெடம் என்னைப் பொஸ் எண்டு கூப்பிட்டது. இவ்வளவு வருசத்தில ஒராள் அப்பிடிக் கூப்பிட்டா, பிறகு ஏலாது எண்டு சொல்லுறது எப்பிடி?"

பெருவிரல்

கட்டட நிர்வாகத்தைப் பற்றிப் பாடமெல்லாம் எடுத்துத்தான் நான் படித்தேன். ஒரு மாற்றம் செய்வதென்றால் கடிதம் எழுத வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், கோப்பில் போட வேண்டும் என்று படிப்பித்தார்கள். இப்போது அதெல்லாம் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு பெருவிரல். பாஸ் படம் போடுவார், வாடிக்கையாளர் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவார், வேலை நடக்கும்.

எங்கள் குறூப்பில் டீச்சரின் கணவரும் இருந்தார். நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். தினமும் காலையில் பிள்ளையார் படத்தோடு வணக்கம் அனுப்புவார். குசினிச் சுவருக்கு டீச்சர் தெரிவு செய்த வெள்ளை டைல்ஸ் கப்பலில் வரவேயில்லை. கடைக்காரன் வேறொரு பெட்டியை அனுப்ப, சிறிபால அதைப் படம் பிடித்து, போடட்டா என்று கேட்டிருக்கிறார். உடனே அங்கிளின் பெருவிரல் எழும்பிவிட்டது. அடுத்தநாள் போய்ப் பார்த்தால் குசினிச் சுவர் டைல்ஸ் முழுக்க இறால் படம். நடுவில் நடுவில் ஒரு எலுமிச்சைத் துண்டும் இருந்தது. அங்கிளும் டீச்சரும் முட்டைகூடத் தொடாத சைவக்காரர். இறாலைப் பிடுங்கி எடுக்க ஒரு கிழமை போனது. அந்தப் பெருவிரலுக்கு என்ன அர்த்தம் என்று அங்கிளிடம் பணிவாகக் கேட்டேன்.

"கண்டனான் எண்டு காட்ட ஒரு மரியாதைக்குப் போடுறதுதானே தம்பி. செத்தவீட்டுச் செய்திக்கும் நான் அதைத்தான் போடுறனான்."

தலையில் இல்லாத ஹெல்மெட்

எங்களிடம் ஹெல்மெட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றில் ஆணி இருந்தது, ஒன்றில் மணல் அளந்தார்கள், இன்னொன்றில் பூனை குட்டி போட்டிருந்தது. தலைகளில்தான் இல்லை. பாதுகாப்புப் பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற அன்று, வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று எனக்கு வியர்த்துவிட்டது. நிறுத்தினால் தை போய்விடும்.

தற்செயலாக டீச்சரும் அன்று வந்திருந்தார். அவர் தலையில் மட்டும் கொண்டைக்கு மேல் ஒழுங்காக ஒரு ஹெல்மெட் இருந்தது. கையில் கொப்பி, மூக்கில் கண்ணாடி. பரிசோதகர் அவரைப் பெரிய இடத்து ஆலோசகர் என்று நினைத்து, மற்றவர்களுக்கு ஏன் ஹெல்மெட் இல்லை என்று அவரிடமே கேட்டார். டீச்சர் திரும்பி, ஆட்களைப் பார்த்து, "எல்லாரும் போட்டிட்டு வரிசையில நில்லுங்கோ" என்றார். அவ்வளவுதான். ஆணியைக் கொட்டினார்கள், மணலைக் கொட்டினார்கள், பூனையை மட்டும் கொட்டவில்லை. எல்லோரும் உயர வரிசைப்படி நின்றார்கள், நானும் நின்றேன். பரிசோதகர் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ்டர், அந்த மெடம் கிழமைக்கு ரெண்டு நாள் வந்தாக் காணும். நான் வரத் தேவையில்லை."

ரைட்

கொழும்பில் ரைட் என்பது ஒரு திசை இல்லை. சரி என்றாலும் ரைட், போகலாம் என்றாலும் ரைட், கதைத்தது போதும் டெலிபோனை வை என்றாலும் ரைட். உண்மையிலேயே வலப்பக்கத்தைச் சொல்ல வேண்டி வந்தால்தான் கையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது.

பால் காய்ச்ச நாலு நாள் இருந்தது. அடுப்பு மேடை மட்டும்தான் பாக்கி. கிழக்குப் பார்த்து நின்று சமைக்க வேண்டும் என்று டீச்சர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். குசினி வாசலில் நின்று பார்த்தால் கிழக்கு இடப்பக்கம். நான் புறக்கோட்டையில் குழாய்ச் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்கி வந்துகொண்டிருந்தபோது சிறிபால டெலிபோன் எடுத்து, மேடை லெஃப்ட்டா ரைட்டா என்று கேட்டார். லெஃப்ட் என்று தெளிவாகத்தான் சொன்னேன். அதே நேரம் கொண்டக்டர் என் காதடியில் நின்று "ரைட், ரைட்" என்று கத்த, பஸ் புறப்பட்டது. டெலிபோனும் அறுந்துபோனது.

பின்னேரம் நான் சைட்டுக்குப் போனபோது, வலப்பக்கச் சுவரோடு கொங்கிரீட் மேடை இறுகிக்கொண்டிருந்தது. சிறிபால கொஞ்சமும் கலங்கவில்லை.

"சேர் ஒருக்கா லெஃப்ட் எண்டது, ரெண்டு தரம் ரைட் எண்டது. கூட விழுந்த வோட்டைத்தான் நான் எடுத்தது."

மேற்கு

உடைத்துத் திரும்பக் கட்டப் பத்து நாள் வேண்டும். வைகாசிக்குத் தள்ளிப்போடச் சொல்லும்படி முதலாளி என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். கடன் கேட்கப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு பயம் இருக்காது. டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அவருக்குப் பின்னாலேயே சம்பந்தியம்மா வந்து, "அவருக்குச் சீனி காணாது, நான் அப்பவே சொன்னனான்" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். பஸ் கொண்டக்டரையும் விடவில்லை. டீச்சர் முகம் வாடிப்போய் சேலைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார். இந்த மனுசிக்கு ஒரு அடுப்பைக்கூடச் சரியான பக்கத்தில் கட்டிக் கொடுக்க முடியாத என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. டீச்சர் நிமிர்ந்து, மேற்குப் பார்த்து நின்று சமைத்தால் தனக்குப் பின்னால் என்ன வரும் என்று கேட்டார். சுவர்தான் டீச்சர், உங்கள் புதுக் கதவைத் திறந்து மூடும் இடம் போக ஒருவர் நிற்கத்தான் அங்கே இடம் இருக்கிறது, இரண்டாவது ஆள் நிற்க ஏலாது என்றேன். டீச்சர் ஒருமுறை திரும்பிச் சம்பந்தியம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்டையும் உடைக்க வேண்டாம் தம்பி. அப்ப ரைட்."

பால்

குறித்த நாளில், குறித்த நேரத்தில் பால் வைத்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை; ஐயர் நாலு மாடியையும் ஏறி வந்து, மந்திரத்துக்கு முன் ஒரு போத்தல் தண்ணி குடித்தார். குசினிக்குள் டீச்சர் மட்டும். மற்ற எல்லோரும் ஹோலில் நெருக்கிக்கொண்டு கதவால் எட்டிப் பார்த்தோம். சிறிபால வெள்ளைச் சேட்டும் நெற்றியில் திருநீறுமாக என் பக்கத்தில் நின்றார்.

பால் பொங்கி வழிந்தது. மேடையின் முன்விளிம்பால் இறங்கி, நிலத்தில் ஒரு கோடாக ஓடி, நேரே கிழக்குச் சுவரில் போய் நின்றது. ஐயர் கையைத் தட்டி, கிழக்கே போகுது, இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். சிறிபாலவும் கும்பிட்டபடியே என் காதில், "சேர், மேடையும் நிலமும் லெவல் பிழைச்சுப் போச்சு, ஐயருக்குச் சொல்ல வேணாம்" என்றார்.

அதற்குள் சம்பந்தியம்மா துணி ஒன்றோடு எழும்பி, பாலை இப்படியா விடுறது, தள்ளுங்கோ நான் துடைக்கிறேன் என்று குசினிப் பக்கம் நடந்தார். டீச்சர் கதவடிக்கு வந்து, அந்தத் துணியை மட்டும் பக்குவமாக வாங்கிக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நீங்கள் ஹோலில இருங்கோ சம்மந்தியம்மா, இதுக்குள்ள ஒராளுக்குத்தான் இடம். என்ர பிழை இல்லை, இந்த இஞ்சினியர்மாரின்ர பிழை."

வரைபடத்தில் இருந்தபடியே அந்த வீட்டில் அமைந்தது ஒன்றே ஒன்றுதான், அது நாலாம் மாடியில் இருப்பது; ஆனாலும் இந்தத் தொழிலில் இன்றுவரை என்னை ஏசாத ஒரே வாடிக்கையாளர் டீச்சர்தான்.