ஹில்டாவுக்கு மூன்று ஓலை

சென்னைத் துறைமுகத்தின் சரித்திரத்தை யாராவது எழுதினால் அதில் விஞ்ச் டிரைவர் ஸ்டானிஸ்லாஸின் பெயர் வராது. அந்தக் குறையை இங்கே தீர்த்துவைப்போம். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, இருபத்தாறு வருடங்களாகக் கப்பல்களின் மேல்தட்டில் விஞ்ச் என்ற பளுதூக்கி எந்திரத்தில் உட்கார்ந்து சரக்குத் தூக்கியவர் அவர். வாழ்க்கையில் மூன்று முறை முக்கியமான தீர்மானம் எடுக்கும் நிலைமை அவருக்கு வந்தது. வேலையை அவருடைய அப்பா தீர்மானித்தார். கல்யாணத்தை ஆலிஸின் அண்ணன்மார் தீர்மானித்தார்கள். எந்தச் சங்கத்தில் சேருவது என்பதைப் பக்கத்து வீட்டு கஸ்பார் தீர்மானித்தார். ஸ்டானிஸ்லாஸ் எதிலும் குறை கண்டதில்லை.

அப்படிப்பட்டவர் தலையில் 1974 மே மாதம் ஒரு கடிதம் வந்து விழுந்தது.

மகள் ஹில்டா எம்.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தாள். கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திறங்கியிருந்தது. அங்கிருந்த பேராசிரியர் எழுதியிருந்தார்: கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் பெண்கள் யாருமே விண்ணப்பிப்பதில்லை, செல்வி ஹில்டா அவசியம் வந்து சேரவேண்டும், ஹாஸ்டலில் இடம் உண்டு, தகப்பனார் கையெழுத்திட்ட படிவம் ஜூன் பத்தாம் தேதிக்குள் வரவேண்டும்.

ஸ்டானிஸ்லாஸ் கடிதத்தை மகளைப் படிக்கச்சொல்லி மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் குழப்பம் கொஞ்சம் கூடியது.

"அந்த மிஷின்ல இன்னா ஆராய்ச்சி? ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல நைனா. நீ விஞ்ச்ல ஒக்காந்துகினு கீறே. கப்பல் அடித்தட்டுல இன்னா கீதுன்னு ஒனக்குத் தெரியாது. சிக்னல்மேன் கை காட்டறாரு, நீ தூக்கறே. அந்த மாதிரி மிஷினுக்கும் ஒண்ணும் தெரியாது. அதுக்குத் தப்பில்லாம எப்டிக் கை காட்டறதுன்னு கண்டுபுடிக்கணும்."

"அதுக்கு நாலு வருசமா? நம்ம சிக்னல்மேன் தாமஸ் ஒரே நாள்ல கத்துக்கினானே!"

ஹில்டா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். ஆலிஸ், "கையெழுத்து போடறதுன்னா போடு, இல்லன்னா போடாத, மனுசிய சமைக்க வுடு" என்று அடுக்களையிலிருந்து தன் கருத்தைத் தெரிவித்தாள். இதில் தீர்மானம் எதுவும் இல்லை என்பதை ஸ்டானிஸ்லாஸ் கவனித்தார்.

வேறு வழியின்றி அவர் சிந்தித்தார். அவர் அறிந்தவரை ஒரு பெண்பிள்ளை வீட்டைவிட்டுப் போகும் காரியம் ஒன்றுதான்: கல்யாணம். அதற்குத் திருச்சபை ஒழுங்கான முறை வைத்திருக்கிறது. மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும். யாரும் சொல்லாவிட்டால் காரியம் நல்ல காரியம். தகப்பன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

மகளின் படிப்புக்கும் மூன்று ஓலை வாசிக்கவேண்டும் என்று பங்குச் சாமியார் யேசுதாஸிடம் போய்க் கேட்டார். சாமியார் திருச்சபைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். படிப்புக்கு ஓலை வாசிக்கக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

ஆகவே, வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில், இரண்டு கல்யாணங்களுக்கு அடுத்தபடியாக, பங்கு மக்கள் கேட்டது இது: "ஸ்டானிஸ்லாஸ், ஆலிஸ் ஆகியோரின் குமாரத்தி ஹில்டா, கிண்டியில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் சேர இருக்கிறார். இது முதலாம் ஓலை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

கோயில் வாசலில் காசிமேட்டு மீன்காரி ஃப்ளோரா ஸ்டானிஸ்லாஸை மடக்கினாள். "இன்னாண்ணா, கமுக்கமா முடிச்சிட்டியே! மாப்ள வூடு கிண்டியா? சீர் எவ்ளோ?"

"மாப்ள இல்லம்மா. மிஷினு."

"அடப்பாவி மனுசா!" என்றாள் ஃப்ளோரா. அன்று முழுக்க இதைத் தவிர அவள் வேறு எதையும் பேசவில்லை என்று காசிமேட்டில் சொன்னார்கள்.

இரண்டாம் ஓலைக்குப் பிறகு கஸ்பார் சங்கத்தின் கடிதத்தாளிலேயே தடை எழுதிக்கொண்டு சாமியாரிடம் போனார். ஸ்டானிஸ்லாஸையும் ஹில்டாவையும் இழுத்துப்போனார்.

"சாமி, இந்த மிஷின் வந்தா ஆயிரம் பேரு வேல காலி. அத எதுத்து அறுவத்தெட்டுல ஊர்கோலம் போனோம். கொடி புச்சிகினு முன்னால போனது யாரு? இவன்தான்! கேளுங்க!"

"போனேன்" என்று ஸ்டானிஸ்லாஸ் ஒப்புக்கொண்டார். "ஆனா மிஷின் எப்டி இருக்கும்னு எவனும் காட்டல. நீ கொடியக் குட்தே, புச்சேன்."

சாமியார் கடிதத்தை மடித்தார். "ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தால் தடை. ரத்த உறவு தடை. கட்டாயப்படுத்தினால் தடை. ஊர்வலம் தடையில் வராது. ஏம்மா ஹில்டா, உன்னை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?"

"இல்ல சாமி. நான்தான் நைனாவக் கட்டாயப்படுத்திகினு கீறேன்."

இதற்கும் சட்டத்தில் இடம் இல்லை. கஸ்பார் ஒரு மாதம் பேசமாட்டேன் என்று அறிவித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் ஞாயிறு ஜூன் ஒன்பதாம் தேதி. ஓலை வாசித்தாயிற்று. இருமல்கூட எழவில்லை. பூசை முடிந்து சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் ஸ்டானிஸ்லாஸ் நுழைந்தார். பின்னாலேயே படிவத்தோடு ஹில்டா.

"ஒரு தடை கீது சாமி."

"யார் சொன்னது?"

"நான்தான்."

சாமியார் நாற்காலியைக் காட்டினார். ஸ்டானிஸ்லாஸ் உட்காரவில்லை.

"மூணு வாரமா இந்தப் பொண்ணு சொல்லிகினே கீது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அங்க போய்ட்டா இன்னும் பெரிசா பேசும். லீவுக்கு வந்து ஒக்காந்தா நான் எத்தப் பத்திப் பேசறது? வெளங்காத தகப்பன் எதுக்கு அதுக்கு?"

சாமியார் சட்டப் புத்தகத்தைத் தொடவில்லை. ஹில்டாதான் பேசினாள்.

"எனக்கே வெளங்கல நைனா."

"இன்னாது?"

"நான் கண்டுபுடிக்கப் போறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா அது இன்னாத்துக்கு ஆராய்ச்சி?"

"அந்தப் பேராசிரியரு?"

"அவருக்கும் தெரியாது. அதான் ஆளு தேடறாரு."

ஸ்டானிஸ்லாஸ் மெல்ல உட்கார்ந்தார். தெரியாதவர்கள் எல்லாம் ஒன்றுகூடி, கட்டடம் கட்டி, ஹாஸ்டல் வைத்து, தெரியாததை நான்கு வருடம் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அதற்குப் பட்டமும் தருகிறார்கள். இப்படி ஓர் இடம் இருப்பதை இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தன் பெண் நல்ல இடத்துக்குத்தான் போகிறாள் என்று முதல் முறையாகப் பட்டது.

"வெளங்கலன்னா எங்கையில சொல்வியா?"

"மொதல்ல உங்கையிலதான் சொல்வேன்."

கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. சாமியார் ஊதி ஈரம் உலர்த்தினார்.

வெளியே ஃப்ளோரா காத்திருந்தாள். "இன்னாண்ணா ஆச்சி?"

"கையெழுத்துப் போட்டேன்."

"அப்டி இன்னாதான் படிக்கப் போவுது கொயந்த?"

ஸ்டானிஸ்லாஸ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அது இன்னும் யாருக்குமே தெரியாதாம்" என்றார், தெருவே கேட்கும்படி.