குங்குமம் வைத்த ரிங்கிட்

நன்னிலத்திலிருந்து மலேசியாவிலுள்ள மகளைப் பார்க்க மனைவியுடன் புறப்பட்டபோது, நெல் விற்ற பணத்தை ரிங்கிட்டாக மாற்றிச் சாமி படத்தின் முன் வைத்து, ஒவ்வொரு நோட்டிலும் குங்குமம் இட்டேன்.

கோலாலம்பூரில் ஒரு கடையில் அதை நீட்டியதும், காசாளர் சிவப்புக் கறையை உற்றுப் பார்த்துவிட்டுக் காவலாளியை அழைத்தார். திருட்டுப் பணம் என்று நினைத்துவிட்டாரோ? போலீஸ் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டால் ஊர் திரும்புவது எப்படி? மொழியும் தெரியாது.

காவலாளி நோட்டை முகர்ந்தார். சிரித்துவிட்டார். "என்னங்கய்யா, காசுக்கெல்லாம் பொட்டு வெச்சு விட்டிருக்கீங்க?"

தமிழைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே ஏ.டி.எம்மை உடைத்துத் திருடிய நோட்டுகளில் இப்படித்தான் சாயம் தெறித்திருக்குமாம். இது குங்குமம் என்று அவர் விளக்கியதும் காசாளர் பணத்தை வாங்கிக்கொண்டார்.

"பணப்பைக்குப் பொட்டு வெச்சா போதும்னேன். கேட்டாத்தானே!" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் வெறும் பையைத்தான் பூஜையில் வைக்கிறேன். கையைக் கழுவித் துடைத்த பிறகே நோட்டைத் தொடுகிறேன்.