மீன் பெட்டியில் வந்த ஊசி

என் கொழுந்தியாள் கனடாவில் இருக்கிறாள். ஒரு நாள் வீடியோ காலில், அவள் மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்கப் பள்ளிக்கூடத்திலேயே தடுப்பூசி போட்டுவிட்டதாகச் சொன்னாள். காசும் இல்லையாம், அலைச்சலும் இல்லையாம். எங்கள் மகளுக்கும் அதே வயது. போனை வைத்ததும் என் மனைவி பார்த்த பார்வையில், நாங்கள் கனடாவில் இல்லாதது என் தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையில் தடுப்பூசி இருக்கிறதா என்று விசாரித்தேன். ஒரு மருந்துக்கடைக்காரர் எந்த நாய் கடித்தது என்று கேட்டார். எங்கள் டாக்டரம்மா, "போட்டு விடுறேன். இங்க யாரும் கேக்குறதில்ல, அதனால வாங்கி வைக்கிறதில்ல. மதுரைல வாங்கிட்டு வாங்க" என்றார். வழியெல்லாம் குளிர்ச்சி குறையக் கூடாது. அதற்காக உறைந்தும் போகக் கூடாதாம்.

குளிர்ச்சி என்றதும் எனக்குத் தோன்றியது மீன்கடைக்காரரின் தெர்மாகோல் பெட்டிதான். இரவல் வாங்கி, சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். மதுரையில் சில ஆயிரம் கொடுத்து மருந்தை வாங்கி, ஐஸில் படாமல் துண்டில் சுற்றி உள்ளே வைத்து, மத்தியான வெயிலில் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "மீனெல்லாம் ஏத்தக் கூடாதுண்ணே. எறங்கிருங்க."

மீன் இல்லை, ஊசி என்றேன். அவர் நம்பவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பதற்றத்தில், "கேன்சர் ஊசிங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

உடனே ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கண்டக்டர் குனிந்து, "எந்த எடத்துலண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். கர்ப்பப்பையில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்தில் இருந்த நரிக்குடிக்கார அம்மாவிடம் மட்டும் விவரம் சொன்னேன். அவர் அக்காவுக்கு அதே நோய். முற்றிய பிறகுதான் தெரிந்ததாம். மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வராம இருக்கவே ஊசி இருக்கா? எங்ககிட்ட யாருமே சொல்லலையே" என்றார். பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "அக்கா மகளும் சின்னப் பிள்ளதான். இந்தப் பெட்டில இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

ஒன்றுதான் இருந்தது. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். என் பக்கம் வெயில் அடிக்கிறது என்று பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்து, ஊர் வரும்வரை முந்தானையால் மூடிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்ததும், "வஞ்சிரமா?" என்று கேட்டார். பிறகு குளிர்ச்சி சரியாக இருக்கிறது என்று மெச்சி, ஊசியைப் போட்டார். என் மகள் வலியைப் பற்றிப் பேசவில்லை. நாற்றத்தைப் பற்றித்தான் பேசினாள்.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு நான் மதுரை போனபோது, இன்னொன்றும் சேர்த்து வாங்கச் சொல்லி அந்த அம்மா போன் செய்தார். பணத்தை எப்படிப் புரட்டினார் என்று நான் கேட்கவில்லை. அக்கா அதற்குள் தவறிவிட்டிருந்தார்.

மறுநாள் அக்கா மகளைத் திருச்சுழி வழியாக பஸ்ஸில் கூட்டி வந்தார். ஊசி போட்டதும், மயக்கம் ஏதும் வருகிறதா என்று பார்க்க, இரண்டு பிள்ளைகளையும் கால் மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார் டாக்டரம்மா. யாருக்கு அதிகம் வலித்தது என்று தொடங்கிய வழக்கு, நரிக்குடி பஸ் கிளம்பும்வரை தீரவில்லை.