அறுபத்தாறு துளைகள்

பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள் தரச்சோதனை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவில் வெளியூர்க் கம்பெனி ஒன்று துளை போட்டுத் தரச்சொல்லி ஆறு கார்பன் ஃபைபர் தகடுகளை அனுப்பியது. தகட்டுக்கு நாற்பத்தெட்டுத் துளை. உபரித் தகடு ஒன்றுகூடக் கிடையாது. கெடுத்தவர் யாரானாலும் மறுநாளே வார்ப்பு தேய்க்கும் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான் என்றார் முதலாளி. அந்தத் தூசியில் பத்து நிமிடம் நின்றாலே எனக்கு மூச்சு வாங்கும்.

துளை போட்டவர் அன்னூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருபவர். இரும்பு வார்ப்பில் இருபத்திரண்டு வருட அனுபவம். துளையிடும் பிட் மழுங்கினால் கீச்சிடும். உடனே கழற்றிச் சாணை பிடிப்பார். எனக்கு அது போதாது. வார்ப்பில் ஒரு பிட் இருநூறு துளை தாங்கும் என்று என் நோட்டில் இருந்தது. புதுச் சரக்கு என்பதால் அதைப் பாதியாக்கி, நூறு துளைக்கு ஒரு பிட் என்று சொன்னேன்.

"ஊட்டுல தாளிக்கிற கடுகையும் எண்ணித்தான் போடுவீங்களாட்ட இருக்குதுங்க," என்றார் அவர். "நீங்க எண்ணுங்க, நான் சத்தத்தைக் கேட்டுக்கறேனுங்க."

ஒரே பிட்டில் இரண்டு தகடுகள் முடிந்தன. கரும்பொடி கொட்டியதே தவிர, சத்தம் மாறவில்லை. மேற்புறம் வழவழவென்று இருந்தது. தொண்ணூற்றாறு துளைகளையும் மேலிருந்தே அளந்து டிக் போட்டேன். அடியில் பிசிறு தெரிந்ததும், வார்ப்பில் செய்வதுபோலவே, அவர் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். ஆனால் இது இரும்பில்லை. துணிபோல அடுக்கி ஒட்டிய நார். கடைசி அடுக்கு உரிந்து எழும்பிவிட்டது. தகட்டைத் துடைத்தபோது காட்டன் வேஸ்ட் துளைக்குத் துளை மாட்டிக்கொண்டது. அப்போதுதான் நான் தகட்டைத் திருப்பினேன்.

முதல் முப்பது துளைகள் சுத்தம். முப்பத்தொன்றில் பிசிறு தொடங்கியிருந்தது. மொத்தம் அறுபத்தாறு. மூன்று தடவை எண்ணினேன். பிட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கூர் தேய்ந்து உருண்டு கிடந்தது. சத்தம் போடாமலே தேய்ந்திருக்கிறது. அரம் கெடுத்தது பிறகு. முதலில் கெடுத்தது என் நூறு.

முதலாளி வந்தார். ஒரு பிட்டை இத்தனை துளைக்கு ஓட்டச் சொன்னது யார் என்று கேட்டார். நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

"காதை நம்பி நாந்தானுங்க ஓட்டிப்போட்டேன். அரமும் நாந்தானுங்க போட்டேன்," என்றார் அவர்.

நான் சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

கொட்டகைக்குப் போகுமுன் என்னிடம் வந்து, "அடியில ஒரு பலகை குடுத்துப் பாருங்க, நாரு தூக்காதுங்க," என்றார். வேறு ஆளை வைத்து, அடியில் பலகை கொடுத்துத் துளை போட்டோம். இருபத்தைந்து துளைக்கு ஒரு பிட் என்று வைத்தேன். மிச்சம் நான்கு தகடு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு துளை, எட்டு பிட். ஒன்றிலும் பிசிறில்லை. கம்பெனி இரண்டு தகட்டுக்காகத் திட்டிவிட்டு, நான்கை எடுத்துக்கொண்டது. முதலாளி எல்லோர் முன்னும் என் கணக்கைப் பாராட்டினார்.

அதன்பிறகு டீ நேரத்தில் அந்த அன்னூர்க்காரர் புருவமெல்லாம் தூசியோடு வந்து என் எதிரே உட்காருவார். "இன்னைக்கு எத்தனைங்க?" என்பார். அன்று பார்த்த துளைகளின் கணக்கைச் சொல்வேன். நான் ஓய்வு பெற்ற நாள் வரை கேட்டார், நானும் சொன்னேன். நான் சொன்ன அந்த நூறைப் பற்றி மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.